ஜன்னல் கம்பியில் கத்தி ஆகுமா? வீட்டிலேயே சமையல் கத்தி செய்ய நினைப்பவர்களுக்கு

கானாடுகாத்தான் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டது இது. அப்பத்தா வீட்டின் ஒரு பகுதியைப் பிரித்தபோது ஒரு ஜன்னல் கம்பியையும், நிலையில் இருந்த பர்மா தேக்குத் துண்டு ஒன்றையும் எடுத்து வைத்திருக்கிறார். இரண்டையும் சேர்த்து அம்மாவுக்குத் தன் கையாலேயே ஒரு சமையல் கத்தி செய்துகொடுக்க ஆசை. உலை கிடையாது. கொல்லையில் இடம் இருக்கிறது, சில கைக்கருவிகள் இருக்கின்றன. முடியுமா, எங்கே தொடங்குவது, அந்தக் கத்தியிலேயே கறி எலும்பும் வெட்டலாமா என்பது கேள்வி.

தாராளமாக முடியும் தம்பி. தேக்கு பிடிக்கு ஆகும். கம்பி மட்டும் ஆகாது. அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், கத்திக்கு வேண்டாம்.

காரணம் கார்பன். இரும்பில் கார்பன் போதுமான அளவு இருந்தால்தான் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கும்போது கெட்டிப்படும். சமையல் கத்திக்கு 0.6 சதவீதத்துக்கு மேல் வேண்டும். ஜன்னல் கம்பி, கிரில், கட்டடக் கம்பி எல்லாம் வளைக்கத் தோதாக இருக்க வேண்டும் என்பதற்காகவே கார்பன் குறைத்துச் செய்தவை. எவ்வளவு காய்ச்சினாலும் அதன் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, நாலு வெங்காயம் தாங்காது, மடங்கிவிடும். எவர்சில்வர் பாத்திரத் தகடும் அப்படித்தான். கையில் இருக்கும் இரும்பு எந்த ரகம் என்று தெரியவில்லையா? கிரைண்டரில் லேசாகப் பிடித்துப் பொறியைப் பாருங்கள். சாதா இரும்பு நீளமான கோடுகளாக விடும், கிளை அதிகம் இருக்காது. கார்பன் அதிகமுள்ள ஸ்டீல் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே மத்தாப்புப் போல வெடித்துச் சிதறும். ஒரு முறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால் அப்புறம் மறக்காது.

எந்த ஸ்டீலை எடுப்பது? நம் ஊரில் கத்தி என்றாலே லாரி பட்டைதான், அதாவது லாரியின் ஸ்பிரிங் பட்டைதான் என்று சொல்வார்கள். திருப்பாச்சேத்தி அருவாளுக்கு அது பொருத்தம்தான். அடி தாங்கும், மொக்கை விழாது. ஆனால் அதில் கார்பன் 0.5 முதல் 0.6 சதவீதம்தான், கனமும் 6 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். அதைச் சமையல் கத்தியின் மெலிவுக்குக் கொண்டுவர உலையும் சம்மட்டியும் வேண்டும். முதல் கத்திக்கு இ.என். 42 ஜே என்ற ஸ்பிரிங் ஸ்டீல் பட்டை நல்லது. கார்பன் சுமார் 0.75 சதவீதம். 2.5 மில்லி கனத்தில், 50 மில்லி அகலத்தில், ஒரு அடி நீளம் போதும். பழைய அரத்தில் செய்யலாமா என்று பலர் கேட்பதுண்டு. அசல் அரமாக இருந்தால் 1 சதவீதத்துக்கு மேல் கார்பன் இருக்கும், அருமையான சரக்கு. இப்போது வரும் மலிவு அரங்களில் சிலது மேல்தோல் மட்டும் கெட்டிப்படுத்தியவை, உள்ளே சாதா இரும்பு. அது உங்களுக்குக் கடைசியில்தான் தெரியும் என்பதால் முதல் கத்திக்கு அதைச் சொல்லமாட்டேன்.

உலையே வேண்டாம் என்றால் ஒரு குறுக்குவழி உண்டு. பட்டறைகளில் தேய்ந்து கழித்துப் போடும் பவர் ஹேக்ஸா பிளேடு, அதாவது மெஷினில் மாட்டி இரும்பு அறுக்கும் வாள். அது ஹை ஸ்பீடு ஸ்டீல், ஏற்கெனவே கெட்டிப்படுத்தியது. வடிவத்துக்குத் தேய்த்து, சாணை பிடித்து, பிடி போட்டால் கத்தி தயார். சாதா டிரில் பிட் அதில் இறங்காது. ஆனால் பிளேடின் முனையில் மெஷினில் மாட்டுவதற்கான ஓட்டை இருக்கும், அதையே பிடியின் ஆணிக்கு வைத்துக்கொள்ளலாம். நெம்பினால் ஒடியும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். அவசரத்துக்கு இது நல்ல வழி. ஆனால் நீங்கள் கேட்பது முழுக்க உங்கள் கையால் செய்த கத்தி. அதற்குத் தோய்ச்சலையும், அதாவது காய்ச்சி எண்ணெயில் முக்கிக் கெட்டிப்படுத்துவதையும், நீங்களே செய்தால்தான் நிறைவு வரும்.

கத்தி செய்வது என்றதும் எல்லோருக்கும் பழுத்த இரும்பைச் சம்மட்டியால் அடிப்பதுதான் கண்முன் வரும். சமையல் கத்திக்கு அது தேவையில்லை. பட்டையாகவே கிடைக்கும் ஸ்டீலை அறுத்து, அராவி, மெலித்தால் போதும். கத்தி வெட்டுவது வாயின் மெலிவால். அந்த மெலிவு மடங்காமல் நிற்பது தோய்ச்சலால். உங்கள் பொறுமை முழுவதையும் இந்த இரண்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பளபளப்பு, பூ வேலை, டமாஸ்கஸ் வரி எல்லாம் அப்புறம். டமாஸ்கஸ் என்று இன்று விற்பது பெரும்பாலும் இருவகை ஸ்டீலை அடுக்கிப் பற்றவைத்து, அமிலத்தில் போட்டு வரி தெரியவைப்பது. நொய்யல் கரையில் கொடுமணலில் மூசை என்ற மண் குப்பியில் உருக்கி எடுத்த பழைய தமிழ்நாட்டு உருக்கு வேறு. அதன் வரி உருகி ஆறும்போது உள்ளேயே விளைவது. 1820ல் மைக்கேல் ஃபாரடே, ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவருடன் சேர்ந்து அந்த உருக்கை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நம் மண்ணின் பெருமை அது, ஆனால் வீட்டுக் கொல்லை வேலை இல்லை.

முதலில் ஒரு அட்டையில் கத்தியை வரைந்து வெட்டுங்கள். அலகு ஆறு, ஆறரை அங்குலம், அகலம் 42 மில்லி, பிடி 115 மில்லி. இதை அம்மா கையில் கொடுத்துப் பலகைமேல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அரிவாள்மனையில் உட்கார்ந்து அரிந்து பழகிய கைக்குக் கத்தி வேறு பழக்கம். அங்கே காய்தான் நகரும், இங்கே இரும்பு நகரும். விரல் முட்டி பலகையில் இடிக்கக்கூடாது, அதற்காகத்தான் அகலம் 40 மில்லிக்குக் குறைய வேண்டாம் என்கிறேன். அம்மாவுக்குச் சரி என்று பட்ட அட்டையைப் பட்டைமேல் வைத்துக் கோடு போட்டு அறுத்துவிடுங்கள். பிடியின் ஆணிக்கான ஓட்டைகளை இப்போதே போட்டுவிட வேண்டும், கெட்டிப்பட்ட பிறகு டிரில் இறங்காது.

இனி அரம். வாயின் நடுக்கோட்டை முதலில் குறிக்க வேண்டும். அலகை மேசையில் படுக்கவையுங்கள். அதே கனமுள்ள, அதாவது 2.5 மில்லி டிரில் பிட்டையும் படுக்கவைத்து அதன் கூர்முனையை விளிம்போடு இழுத்தால் கீறல் நடுவில் விழும். திருப்பிப் போட்டு மறுபடி இழுங்கள். ஒட்டினாற்போல இரண்டு கோடுகள் கிடைத்தால், அந்த இடுக்குத்தான் உங்கள் எல்லை. அலகை ஒரு தட்டையான பலகையில் பிடி ஓட்டைகள் வழியே ஸ்குரூ போட்டு இறுக்கி, பலகையை மேசையோடு கிளாம்ப் செய்யுங்கள். அலகு முழுவதும் மார்க்கரால் கறுப்படித்துவிட்டு, அரத்தின் இரு நுனியையும் பிடித்து அலகுக்குக் குறுக்காக வைத்துத் தள்ளுங்கள். மை அழிகிற இடம் அரம் தொடுகிற இடம், அழியாதது தொடாத இடம். முதுகில் முழுக் கனமும், வாய்ப்பக்கம் போகப் போக மெலிவும் வர வேண்டும். அரப் பல்லில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் இரும்புத்தூள் அடைத்துக் கீறல் போடாது. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கத்துக்குப் போகாமல், கொஞ்சம் இங்கே கொஞ்சம் அங்கே என்று மாற்றி மாற்றி அராவுங்கள்.

வாயை இப்போது கூராக்கிவிடக் கூடாது. முக்கால் மில்லி கனம் விட்டுவிடுங்கள். மெலிதாகிவிட்டால் தோய்ச்சலில் நெளியும், சில சமயம் விரியும். குறுக்குக் கீறல்களையும் எமரி பேப்பரால் நீளவாக்கில் தேய்த்து எடுத்துவிட வேண்டும். விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

அடுத்தது தோய்ச்சல். இதைத்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

கொல்லையில் ஒரு அடி நீளத்துக்குக் குழி, சுற்றிச் சூளைச் செங்கல், உள்ளே களிமண் பூச்சு. காற்றுக்கு அடியில் ஒரு இரும்புக் குழாய், வரிசையாகத் துளை போட்டு, மறுமுனையில் ஒரு ஹேர் டிரையர். குழாய் ஜி.ஐ. பைப்பாக இருக்கவே கூடாது. அதன்மேல் உள்ள துத்தநாகப் பூச்சு சூட்டில் புகையாகும். அதைச் சுவாசித்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும். கரிக்கு நமக்குப் பஞ்சமில்லை. சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் சீமைக்கருவேலங்கரி மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். நல்ல சூடு, புகை குறைவு. கரியை முட்டை அளவுக்கு உடைத்துப் போடுங்கள்.

வேலையைப் பொழுது சாய்ந்த பிறகு வையுங்கள். பகல் வெயிலில் இரும்பின் நிறம் ஏமாற்றும். கருஞ்சிவப்பு போலத் தெரிவது உண்மையில் தேவைக்கு மேல் காய்ந்திருக்கும். அதோடு ஒரு காந்தத்தைக் கம்பி நுனியில் கட்டிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 770 டிகிரி செல்சியஸில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும். அதற்குக் கொஞ்சம் மேலே, 800 டிகிரியை ஒட்டித்தான் நமக்கு வேண்டிய சூடு.

அலகை நெருப்பில் முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டே இருங்கள், ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். நுனியும் வாயும் மெலிது, முந்திக்கொண்டு காயும். உற்றுப் பார்த்தால் சிவந்த இரும்புக்குள் மங்கலான நிழல்கள் நகர்வது தெரியும். உள்ளே படிக அமைப்பு மாறுகிறது, அந்த மாற்றம் சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் அந்த இடம் சற்று இருட்டாகிறது. நிழல் விலகி அலகு முழுவதும் ஒரே நிறமானால் பக்குவம் வந்துவிட்டது. காந்தம் சொல்வதைவிட இந்த நிழல் சொல்வது துல்லியம். பழகிய கொல்லர் காந்தம் தேடுவதில்லை, நிறத்தையும் இந்த அசைவையும் பார்த்தே எடுத்துவிடுகிறார். முதல் மூன்று முறை இப்படிக் காய்ச்சி, எண்ணெயில் போடாமல் காற்றிலேயே ஆறவிடுங்கள். இரும்புக்குள் உள்ள இறுக்கம் தளர்ந்து, அதன் படிக மணிகள் சிறிதாகிச் சீராகும். நாலாவது முறைதான் எண்ணெய்.

எண்ணெய்க்குக் கடலை எண்ணெய் போதும், மூன்று நாலு லிட்டர். அலகு செங்குத்தாக முழுகும் ஆழமான இரும்புப் பாத்திரமோ அடி மூடிய குழாயோ வேண்டும். பிளாஸ்டிக் ஆகவே ஆகாது. கழிவு இன்ஜின் ஆயிலும் வேண்டாம், அந்தப் புகை கெடுதல். எண்ணெயை 50, 60 டிகிரிக்குச் சூடாக்கிக்கொள்ளுங்கள். சூடான எண்ணெய் இளகிக் கத்தியோடு ஒட்டி ஓடும், சீக்கிரம் குளிர்விக்கும். பாத்திரத்தை மூட ஒரு இரும்பு மூடி, ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும். எண்ணெய் பற்றினால் மூடிதான் போட வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது. கண்ணாடி, ஷூ, பருத்திச் சட்டை அவசியம். வேட்டியும் நைலான் துணியும் இந்த வேலைக்கு ஆகாது. குழந்தைகளை அன்று மாலை முகப்புப் பக்கம் அனுப்பிவிடுங்கள்.

நிறம் வந்ததும் தயங்காமல் நுனி முதலாக நேராக இறக்குங்கள். வாய் போகும் திசையிலேயே முன்னும் பின்னும் அசைக்கலாம், பக்கவாட்டில் அசைத்தால் வளையும். பத்து எண்ணும் நேரம் கழித்து எடுத்து முதுகோடு கண்ணை வைத்துப் பாருங்கள். நெளிவு இருந்தால் கையுறை போட்ட கையால் உடனே நிமிர்த்தலாம். அதற்குள்ள நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை, அப்புறம் நிமிர்த்தினால் ஒடியும். ஆறியதும் வாயில் அரத்தை வையுங்கள். அரம் கடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனால் தோய்ச்சல் பிடித்திருக்கிறது. கடித்தால் மறுபடி காய்ச்சுங்கள்.

தண்ணீரில் முக்கலாமே, திருப்பாச்சேத்தியில் அப்படித்தானே செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். அவர்கள் முழு அருவாளையும் முக்குவதில்லை. வாயை மட்டும் தண்ணீரில் காட்டி எடுத்து, ஒரு கல்லில் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கி, முதுகில் மிச்சமிருக்கும் சூடு வாய்ப்பக்கம் இறங்கும்போது மாறும் நிறத்தைப் பார்த்துச் சரியான நிறத்தில் நிறுத்துகிறார்கள். அது தலைமுறைப் பழக்கம். 2.5 மில்லி பட்டையை முழுசாகத் தண்ணீரில் போட்டால் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்கும், வாயில் விரிசல் நிற்கும். முடிந்தால் ஒரு நாள் மானாமதுரை சாலையில் போய், ஏதாவது ஒரு பட்டறையில் கேட்டுக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். நிறம் பார்க்கும் பழக்கத்தைப் புத்தகத்தால் தர முடியாது.

எண்ணெயில் முக்கி எடுத்த கத்தி இப்போது மிகக் கெட்டி, ஆனால் கீழே விழுந்தால் இரண்டாகிவிடும். அன்று இரவே வீட்டு ஓ.டி.ஜி. மின் அடுப்பில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு இன்னொரு இரண்டு மணி நேரம் வையுங்கள். அடுப்புக் குமிழின் எண்ணை நம்பாமல் உள்ளே தனி தெர்மாமீட்டர் வைத்தால் நல்லது. பளபளப்பாகத் தேய்த்த இடத்தில் வெளிறிய வைக்கோல் நிறம் வந்தால் சரி. நீலம் வந்துவிட்டால் சூடு 290 டிகிரியைத் தொட்டுவிட்டது, வாய் இளகிவிடும். இதன் பிறகு கிரைண்டரில் தேய்ப்பதாக இருந்தால் வெறுங்கையில் பிடித்து, அடிக்கடி தண்ணீரில் முக்க வேண்டும். விரலுக்குப் பொறுக்காத சூடு கத்திக்கும் வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாயை இப்போதுதான் கால் மில்லிக்கு மெலிக்க வேண்டும். தட்டையான கல்லில் எமரி பேப்பரை ஒட்டித் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது நேரம் பிடிக்கும், கை வலிக்கும். ஆனால் கடையில் வாங்கும் கத்திக்கும் உங்கள் கத்திக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க இந்தக் கால் மில்லியில்தான் இருக்கிறது. கேரட்டை வெட்டும்போது பிளந்துகொண்டு போகாமல் இறங்கும் கத்தி வேண்டுமானால் இங்கே சலித்துக்கொள்ளக் கூடாது.

இனி அப்பத்தா வீட்டுத் தேக்கு. முதலில் ஆணி முறிந்து உள்ளே கிடக்கிறதா என்று காந்தம் வைத்துப் பாருங்கள். பழைய வார்னிஷையும் பெயின்ட்டையும் முழுக்க எடுத்துவிடுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் முகமூடி இல்லாமல் தேய்க்காதீர்கள். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. தண்ணீருக்கு அது நல்லது, பசைக்கு அது எதிரி. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைத்துவிட்டு, மெதுவாக இறுகும் சாதா அரால்டைட்டால் ஒட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை, ஈரத்தில் புழங்கும் கத்திக்குப் போதாது. ஆணிக்கு 4 மில்லி பித்தளைக் கம்பி. கிளாம்பை முறுக்கி இறுக்கினால் பசை முழுக்க வெளியே வந்துவிடும், அளவாக இறுக்குங்கள். தேக்குத் துண்டு போதவில்லை என்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளில் உடைந்த தூண், நிலைத் துண்டுகள் கிடைக்கும்.

மெருகுக்கு ஆளிவிதை எண்ணெய். தேங்காய் எண்ணெய் காயாது, கை பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அது காயும்போது தானாகவே சூடாகும், குவியலாகக் கிடந்தால் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துவிட்டுப் பிறகு எறியுங்கள்.

கூர் பிடிக்க ஆயிரம் நம்பர் கல் போதும். 42 மில்லி அகலக் கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து 11 மில்லி தூக்கிப் பிடித்தால் சுமார் 15 டிகிரி வரும். பத்து ரூபாய் நாணயங்களை அடுக்கி அந்த உயரத்தைக் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளலாம். ஒரு பக்கம் தேய்த்து மறுபக்கம் நெடுக மெல்லிய பிசிறு விரலில் தட்டுப்பட்டால்தான் திருப்ப வேண்டும். கடைசியில் தோல் பெல்ட்டில் பின்னோக்கி நாலு இழுப்பு.

அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டியது ஒன்று இருக்கிறது. இது துருப்பிடிக்கும் கத்தி. வாழைப்பூ, வாழைக்காய், மாங்காய், எலுமிச்சை வெட்டினால் முதல் சில வாரம் காய் கறுக்கும், கத்தியும் கறுக்கும். பழைய இரும்பு அரிவாள்மனையில் பார்த்திருப்பார்கள். அந்தக் கறுப்பு படிந்த பிறகு துரு குறையும், அதைத் தேய்த்து எடுக்கக் கூடாது. வெட்டி முடித்ததும் கழுவி உடனே துடைத்துவிட வேண்டும், தொட்டியில் ஊறப் போடக் கூடாது. வெட்டுவதற்கு மரப்பலகை, முடிந்தால் புளிய மரம். கறிக்கடைக்காரர் புளியங்கட்டை வைத்திருப்பது காரணத்தோடுதான். கடப்பாக் கல் மேடையில் நேரடியாக வெட்டினால் நீங்கள் பட்ட பாடு ஒரே நாளில் போய்விடும்.

சட்டம் பற்றியும் யாராவது கேட்பார்கள். சமையலுக்கும் விவசாயத்துக்கும் செய்யும் கத்திக்கு உரிமம் வேண்டியதில்லை. அந்த வேலைகளுக்கு இல்லாமல் 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ அலகு வைத்தால் அது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் விதிகளில் ஆயுதக் கணக்கில் வந்துவிடும். ஆசைக்கு வாள், பிச்சுவா என்று இறங்க வேண்டாம்.

எலும்பு வெட்டலாமா என்று கேட்டீர்கள். இந்தக் கத்தியால் கறியைத் துண்டு போடலாம், கொழுப்பு எடுக்கலாம், கோழியை மூட்டு பார்த்துப் பிரிக்கலாம். ஆட்டு எலும்பில் ஓங்கிப் போட்டால் கால் மில்லி வாய் பிறை பிறையாகப் பெயர்ந்துவிடும். நல்லி எலும்புக்குத்தான் லாரி பட்டை. 5 மில்லி கனம், வாய் ஒரு பக்கத்துக்கு 25 டிகிரி, தோய்ச்சலுக்குப் பிறகு அடுப்புச் சூடு 250 டிகிரி. அது உங்கள் இரண்டாவது கத்தியாக இருக்கட்டும். அதற்கு அடித்து மெலிக்க வேண்டியிருக்கும் என்பதால் பட்டையை வாங்கிக்கொண்டு பட்டறைக்கே போய்விடுங்கள்.